அகத்தியர் மலையடியில் ஓராண்டு வானம்

நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையின் மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், 1855-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதைக் கட்டியவர் திருவிதாங்கூர் அரசின் வானியலாளராகப் பணிபுரிந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் ப்ரௌன். காணிக்காரப் பழங்குடியினர் வாழும் காடு அது. யானையும் புலியும் நடமாடிய அந்தக் காட்டு வழியே கருவிகளைச் சுமந்து ஏற்றினார்கள். ஆனால் அங்கே நிறுவப்பட்டது விண்மீன் பார்க்கும் பெரிய தொலைநோக்கி அல்ல. காந்த ஊசியும் காற்றழுத்தமானியும் வெப்பமானியுமே. ப்ரௌன் 1865-இல் நாடு திரும்பினார். பின்னர் அந்த உச்சியில் கணக்கெடுப்பு நின்றுபோனது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலர், விண்மீன் பார்க்கத் தொடங்கிய திருவிதாங்கூர் வானாய்வுக்கூடம் வானியலில் தோற்று வானிலை அலுவலகமாகச் சுருங்கிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கேரள-தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பக்கத்து வானம் ஓர் இரவில் தன்னைக் காட்டும் வானம் அல்ல. ஓராண்டு முழுவதும் விடாமல் பார்த்தால்தான் அது எதையாவது சொல்லும். அதை முதலில் புரிந்துகொண்டு செயல்பட்ட நிறுவனம் அந்த ஆய்வுக்கூடம். இன்று இந்த எல்லையோர ஊர்களில் முக்காலியும் கேமராவுமாக மொட்டைமாடி ஏறுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ அதே வேலையைத்தான் தொடர்கிறார்கள்.

முதலில் இந்த இடத்தின் வானத்தைச் சொல்ல வேண்டும். பாறசாலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகை 20 கலையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரத்திலேயே நிற்கும். ரப்பர்த் தோட்டமும் தென்னையும் மேடும் சூழ்ந்த ஊரில் அது பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. அதற்கு ஈடாகத் தெற்கு வானம் தாராளமாகத் திறந்து கிடக்கிறது. அகத்தியர் என்று நம் மரபு அழைக்கும் கனோபஸ் விண்மீன் டெல்லியில் உச்சமடையும்போது ஒன்பது பாகை உயரம்கூட எட்டாது. இங்கே 29 பாகை வரை ஏறும். திரிசங்கு எனப்படும் தென்சிலுவை 22 பாகை உயரத்துக்கு வரும். மெகல்லன் மேகங்கள் என்னும் இரு அண்டை விண்மீன் மண்டலங்களும் தெற்குக் கடல்மேல் தாழ்வாக எழும். ஏறத்தாழ முழு வானத்தையும் ஓராண்டுக்குள் காட்டிவிடும் இடம் இது. ஆனால் ஓராண்டுக்குள் இரண்டு மழைக்காலமும் இங்கே வருகின்றன. பால்வழியின் நடுப்பகுதி, விருச்சிகமும் தனுசும் இருக்கும் அந்த மிக அழகான பகுதி, முன்னிரவில் உயர்ந்து நிற்பது ஜூன், ஜூலை மாதங்களில். அதே மாதங்களில்தான் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். அது ஓய்ந்து ஆகஸ்ட், செப்டம்பரில் இடைவெளி கிடைத்தால், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து மறுபடியும் அடைக்கும். சித்திரை, வைகாசி மாலைகளில் இடிமேகம். மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரைதான் நம்பத்தகுந்த தெளிந்த இரவுகள். ஆகவே பால்வழியைப் படமெடுக்க விரும்புகிறவர் மாசி, பங்குனியில் விடியலுக்கு முன் எழுந்து கிழக்கே பார்க்க வேண்டும். இந்த ஊர்களில் ஒருவர் ஓராண்டுக்கு வானத்தைப் படமெடுத்தால், கையில் சேரும் படங்களைவிடச் சேராமல் போகும் இரவுகளே அதிகம். அந்த இழப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் இங்கத்திய வானியல் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மேகம் இந்த நாட்டில் வானியலாளர்களை வெறுங்கையோடு அனுப்பிய கதைகள் பல. அவற்றில் பெரியது புதுச்சேரியில் நடந்தது. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்ப்பதற்காக ஆண்டுக்கணக்கில் கீழைக் கடல்களில் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியலில், அதற்குமுன் நாள்தோறும் தெளிந்திருந்த வானம் சரியாக அந்த நேரத்துக்கு மூடிக்கொண்டது. ஒரே ஒரு தருணத்தை நம்பிவந்த அறிவியலுக்கு அது பேரிழப்பு. அதே புதுச்சேரியில் அவர் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார்கள். நேரத்தில் பிழை மிகச் சிறிது என்று அவரே வியந்து பதிந்தார். அந்தக் கணிப்புக்குப் பின்னால் எந்த ஒரு இரவின் பார்வையும் இல்லை. பல தலைமுறைகளின் பார்வை வாய்பாடாகத் திரண்டிருந்தது.

அந்த வாய்பாட்டு மரபு நெய்யாற்றங்கரைப் பக்கத்திலும் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றங்கரை கேரளத்துக்கும் பிரிந்தபோது களியக்காவிளையில் ஒரு சோதனைச் சாவடி வந்தது. பஞ்சாங்கம் மட்டும் பிரியவில்லை. இன்றும் எல்லையின் இரு பக்கமும் கொல்லம் ஆண்டைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் சில ஆண்டுகளில் சித்திரைப் பிறப்பும் விஷுவும் ஒரு நாள் தள்ளி வரும். 2023-இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14. விஷு ஏப்ரல் 15. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரம் அஸ்தமனத்துக்கு முன் இருந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கம். பகலின் பதினெட்டு நாழிகைக்குள் நுழைந்தால்தான் அன்று என்பது மலையாள வழக்கம். வானத்தில் நடந்தது ஒன்றே. அதற்குக் கணக்கு எழுதும் விதி இரண்டு. இந்தக் கணக்கைப் பார்த்து, நம் முன்னோர் வானத்தையே பார்க்காமல் ஏட்டை மட்டும் பார்த்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. கேரள வானியல் அதை மறுக்கிறது. பாரதப்புழைக் கரையில் வாழ்ந்த பரமேசுவரர் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் தாமே பார்த்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431-இல் திருக்கணிதத்தை வகுத்தார். அவர் வாழ்ந்த இடம் நெய்யாற்றிலிருந்து வெகு வடக்கே. ஆனாலும் கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், அந்த ஒப்பீட்டுக்கு நீண்ட காலம் வேண்டும் என்ற அவருடைய நெறியின் பயன் தெற்கே வரை வந்தது.

திருவனந்தபுரத்தில் நவீன ஆய்வுக்கூடம் வந்த கதை திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளோடு தொடங்குகிறது. ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானம் பார்த்துவந்தார். அதை அறிந்த மன்னர் அவரையே வானியலாளராக அமர்த்தி, 1837 முதல் இயங்கும்படி நகரத்துக் குன்றின் மேல் ஒரு கூடம் கட்டுவித்தார். மக்கள் அதை நட்சத்திர பங்களா என்றார்கள். இங்கிலாந்திலிருந்து நல்ல கருவிகள் வந்தன. 1843-இன் பெரிய வால்மீனைக் கால்டிகாட் திருவனந்தபுரத்திலிருந்து பார்த்து அளந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21-இன் சூரிய கிரகணத்துக்காக மலபாருக்குப் பயணம் போனார். இவை பெருமைக்குரிய தருணங்கள்தாம். ஆனால் அவருடைய வேலையில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. அவர் மண்ணுக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து, 1842 முதல் 1845 வரை நிலத்தின் வெப்பம் ஆண்டு முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது என்று குறித்துவந்தார். 1840-களின் தொடக்கத்தில் உலகெங்கும் நிலக்காந்த ஆய்வுக்கான கூட்டு முயற்சி தொடங்கியபோது திருவனந்தபுரமும் அதில் சேர்ந்து மணிக்கு மணி அளவீடு எடுத்தது. வால்மீனைப் பார்க்கும் ஆர்வம் யாருக்கும் வரும். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் விளக்கோடு போய் ஓர் ஊசியின் நிலையைப் படித்து ஏட்டில் எழுத, ஒரு மழை நாளிலும் அதைத் தவறவிடாமல் இருக்க, வேறொரு வகை மனம் வேண்டும். 1849-இல் கால்டிகாட் இறந்தபோது அந்த மனமும் பழக்கமும் கூடத்தில் வேரூன்றியிருந்தன.

1852 ஜனவரியில் வந்து சேர்ந்த ப்ரௌன் அதைத்தான் கையில் எடுத்தார். ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டன் காந்த ஆய்வுக்கூடத்தில் அவர் ஏற்கெனவே தேர்ந்தவர். காந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் உள்ள நிலையம் உலகில் அரிது என்பதும், கருமேகம் காந்த ஊசியை மறைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. விண்மீன் பார்ப்பதை விட்டு இந்த வேலைக்குத் திரும்பியதை நான் தோல்வியாக எண்ணவில்லை. இடத்தைப் புரிந்துகொண்டதன் அடையாளம் அது. விளைவைப் பாருங்கள். வடக்கே உள்ள நாடுகளில் காந்த ஊசி நாள்தோறும் காலையில் ஒரு பக்கமும் பிற்பகலில் மறுபக்கமும் அசையும். ஆண்டு முழுதும் ஏறத்தாழ அதே ஒழுங்கு. திருவனந்தபுரத்திலோ அந்த அசைவு ஆண்டின் ஒரு பாதியில் ஒரு திசையிலும், மறு பாதியில் எதிர்த் திசையிலும் இருந்தது. சம இரவு நாட்களை ஒட்டி அது மாறியது. ஒரு மாதம் பார்த்தவருக்கு இது தெரியாது. ஆறு மாதம் பார்த்தவர் அரைகுறையாகப் புரிந்துகொள்வார். முழு ஆண்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள், இரவு பகலாகப் பார்த்தால் மட்டுமே இந்த உண்மை ஏட்டிலிருந்து எழுந்துவரும். காந்தக் கொந்தளிப்புகள் ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன, அது சூரியன் தன் அச்சில் சுழலும் காலத்தோடு ஒத்துப்போகிறது என்பதையும், பூமியின் காந்த வலிமை நாளுக்கு நாள் மாறுவது உலகெங்கும் ஒரே சமயத்தில் நடக்கிறது என்பதையும் அவர் காட்டினார். அகத்தியர் மலை நிலையம் இந்தப் பணியின் ஒரு கிளை. உயரம் மாறினால் இந்த அசைவு மாறுகிறதா என்று அறிய, ஒரே வேளையில் குன்றின் மேலும் மலை உச்சியிலும் ஊசியைப் படிக்க வேண்டியிருந்தது. காற்றும் குளிரும் கட்டடத்தைச் சிதைத்தபோது 1860-களில் அதை மீண்டும் எழுப்பினார். திருவனந்தபுரம், அகத்தியர் மலை ஆகிய இரு இடங்களின் 1852 முதல் 1869 வரையான அளவீடுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. 1878-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் அளித்தது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். காந்த ஊசியைப் பார்ப்பதை வானம் பார்ப்பதாகச் சொல்லலாமா என்பது முதலாவது. சொல்லலாம் என்பதே என் பதில். அந்த ஊசியை அசைத்தது சூரியன். அசைவு பிறந்தது தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தில். ப்ரௌனுக்கு அந்த மின்னோட்டத்தின் பெயர் தெரியாது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதை ஆராயவே திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்தார்கள். காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதுதான் காரணம். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: இது அயலார் அறிவியல், அரண்மனைப் பணத்தில் நடந்தது, இந்த ஊர் மக்களுக்கு அதில் என்ன பங்கு? பணமும் தலைமையும் பற்றி அந்த மறுப்பு உண்மையே. ஆனால் இரவும் பகலும் மணி தவறாமல் ஊசியைப் படித்து எழுதியவர்கள் இந்நாட்டு உதவியாளர்கள். மலை உச்சியில் காட்டு விலங்குகளுக்கு நடுவே தங்கியவர்களும் அவர்களே. ஒரு நூலின் முகப்பில் ஒரு பெயர் இருப்பதால் உள்ளே இருக்கும் பல லட்சம் எண்கள் ஒருவருடையவை ஆகிவிடா. சென்னை ஆய்வுக்கூடத்தில் இதே நிலையிலிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரிக்கு மட்டும் ஓரளவு நியாயம் கிடைத்தது. 1867-இல் அவர் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். 1874-இன் வெள்ளி இடைநகர்வைப் பற்றித் தமிழ் உட்பட நம் மொழிகளில் மக்களுக்காகச் சிறுநூல் வெளியிட்டார். திருவிதாங்கூர் உதவியாளர்களின் பெயர்களை அப்படி எடுத்து வைக்க வேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.

படம் எடுப்பது இந்த வரலாற்றில் பிற்பாடு சேர்ந்தது. 1871 டிசம்பர் 12-இன் முழுச் சூரிய கிரகணத்தின்போது கேரளத்தின் வட எல்லையில் உள்ள பேக்கலில் சூரிய ஒளிவளையத்தைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்தார்கள். கொடைக்கானலில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்துவருகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தத் தகடுகள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, சூரியப் புள்ளிகளின் வரலாற்றைப் படிக்க உதவுகின்றன. ஒவ்வொரு தகடும் தனியே பார்த்தால் ஒரு வெள்ளை வட்டம், சில கரும்புள்ளிகள். அடுக்கினால்தான் அறிவு. இந்த எல்லையோர ஊர்களின் வானத்தில் படமெடுப்பு நேரடியாக நுழைந்தது 1963 நவம்பர் 21 மாலை. அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டான நைக்கி அப்பாச்சி, உயரே சோடியம் ஆவியை வெளியிட்டது. மறைந்த சூரியனின் ஒளி பட்டு அந்த ஆவி செம்மஞ்சள் மேகமாக எரிந்ததைத் தென் கேரளத்திலும் தமிழகத்தின் தென்கோடியிலும் மக்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். ஆனால் அந்த ஏவுதலின் பயன் வேடிக்கையில் இல்லை. ஒன்றுக்கொன்று வெகு தொலைவான இடங்களில் நிறுத்தப்பட்ட கேமராக்கள் விண்மீன்களின் பின்னணியில் அந்த மேகத்தைப் படமெடுத்தன. படங்களை ஒப்பிட்டு மேல் வளிமண்டலக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டார்கள். எப்போது, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லையென்றால் அந்தப் படங்கள் வெறும் அழகு.

இன்றைய படமெடுப்பவருக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் இதுதான். சிலியில் வேரா ரூபின் ஆய்வுக்கூடம் சில இரவுகளுக்கு ஒருமுறை தென் வானம் முழுவதையும் வாரி எடுக்கிறது. பாறசாலையில் ஒரு மொட்டைமாடியிலிருந்து ஒரு சின்னக் கேமராவால் எடுக்கும் படம் அறிவியலுக்கு எதைக் கூட்டும்? மங்கலான விண்மீன்களைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு மறுமொழி இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெரிய தொலைநோக்கிகள் மிக ஒளிமிகுந்த விண்மீன்களை அளக்கத் திணறும். அவை அந்தந்த ஊரின் வானத்தைப் பார்ப்பதும் இல்லை. வங்கத்தின் யசோர் மாவட்டக் கிராமம் ஒன்றில் வாழ்ந்து கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திரா சிறு தொலைநோக்கியோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாறொளிர் விண்மீன்களைக் கணித்து, ஏறத்தாழ 37,000 குறிப்புகளை அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். அந்தச் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கடனாக அனுப்பியது. பின்னர் அது வானியலாளர் வைணு பாப்புவிடம் வந்து சேர்ந்தது. இன்னொரு சான்று 2023-இல் வந்தது. உலகின் பல நாடுகளில் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் எத்தனை மங்கிய விண்மீன் வரை தெரிகிறது என்று 2011 முதல் 2022 வரை அனுப்பிய 51,351 குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரவு வானம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் வெளிச்சமாகி வருகிறது என்று தெரிந்தது. செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டியதைவிட இது மிக அதிகம். நீலம் கலந்த எல்இடி வெளிச்சத்தை அந்தச் செயற்கைக்கோள்கள் சரியாக உணர்வதில்லை என்பது ஒரு காரணம். அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. வளரும் நாடுகளின் சிற்றூர்கள் அதில் ஏறத்தாழ இல்லை.

இந்த எல்லையோர ஊர்களில் இப்போது நடக்கும் மாற்றம் வேகமானது. நெய்யாற்றங்கரையையும் பாறசாலையையும் களியக்காவிளையையும் கோத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் கடைகளும் விளக்குகளும் கூடுகின்றன. பஞ்சாயத்துத் தெருவிளக்குகள் எல்இடிக்கு மாறிவிட்டன. மேற்குக் கடற்கரையில் விழிஞ்ஞம் துறைமுகம் இயங்கத் தொடங்கிவிட்டது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பூவாரிலும் பொழியூரிலும் தூத்தூரிலும் கடலுக்குப் போனவர்கள் ஜிபிஎஸ் வருவதற்கு முன் அறுமீனையும் விடிவெள்ளியையும் பார்த்துக் கரை திரும்பினார்கள். எந்த அளவு இருளில் அது முடிந்தது, இன்று எந்த அளவு இருள் மிச்சம் என்று சொல்ல ஓர் அளவீடும் நம் கையில் இல்லை. இந்த இடத்தின் இரவைப் பற்றிய பத்தாண்டுக் குறிப்பு ஒன்று இருந்திருந்தால், விளக்கைத் தரையை மட்டும் நோக்கி மூடி வையுங்கள் என்று பஞ்சாயத்திடம் கேட்க அது போதுமான சான்றாக இருக்கும்.

ஆகவே ஓராண்டு வானத்தைப் படமெடுக்க எண்ணுகிறவர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒருமுறையாவது, அமாவாசையை ஒட்டி, ஒரே இடத்திலிருந்து, ஒரே திசையில், ஒரே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். அது அழகாக இல்லாவிட்டாலும் வைத்திருங்கள். நாள், நேரம், ஐஎஸ்ஓ, திறப்பு நேரம், வெறுங்கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கிய விண்மீன் ஆகியவற்றை எழுதுங்கள். மேகத்தால் எதுவும் தெரியாத இரவையும் எழுதுங்கள். இடவப்பாதி எந்த வாரம் வானத்தை மூடியது, எப்போது முதலில் திறந்தது என்பதும் குறிப்புதான். 2010 ஜனவரி 15 பிற்பகலில் இந்த ஊர்கள் அனைத்தும் கங்கணச் சூரிய கிரகணத்தின் பாதைக்குள் இருந்தன. சூரிய வளையம் ஏழு நிமிடங்களுக்கு மேல் தலைக்குத் தெற்கே, சற்று மேற்காக, நின்றது. அன்று எடுத்த படங்கள் பல வீடுகளில் பழைய செல்போன்களிலும் குறுந்தகடுகளிலும் கிடக்கின்றன. அவற்றை எடுத்த நேரமும் இடமும் நினைவில் இருக்கும்போதே எழுதிச் சேர்த்து வையுங்கள். இனி தென்னிந்தியாவில் வரும் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று கோட்டயம், மதுரை வழியே செல்கிறது. பாறசாலையில் சூரியனின் பெரும்பகுதி மறைவதைப் பார்க்கலாம், இடவப்பாதி மழை முந்திக்கொள்ளாவிட்டால்.